எண்ண வேண்டியதும் எண்ணக் கூடாததும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை நிகழ்ச்சியில், தபால்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மேலப்பாளையத்துச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

"கஷ்டப்பட்டுப் படிச்சு முன்னுக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க காக்கா" என்று அறக்கட்டளைத் தம்பிகள் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் படித்தது உண்மை. கஷ்டப்பட்டது யார் என்று பார்த்தால், அந்தக் கணக்கில் என் பங்கு குறைவாகத்தான் இருக்கிறது. அதனால் என்னைப் பற்றிச் சொல்லாமல், நான் வளர்ந்த தெருவைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது 1963இல். அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். முன்னறையில் தரையைத் தோண்டி ஒரு குழி இருக்கும். வாப்பா அந்தக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். உம்மா ஓரமாக உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு போட்டிருப்பார்கள். அது கிடக்கிற நேரம் எந்தப் பிள்ளையும் குறுக்கே ஓடக் கூடாது. ஓடினால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஒன்று வைப்பார். உம்மாவிடம் போய்ச் சொன்னால் அங்கே இன்னொன்று கிடைக்கும்.

பிறகு நெசவு நொடித்தது. நூல் விலை ஏறியது, துணி தேங்கியது. தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. எங்கள் வீட்டுத் தறியை 1971இல் வாப்பா விற்றார். மரச்சட்டங்களை வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்கு எட்டு வயது. அவர் ஏன் நிற்கிறார் என்று அன்று புரியவில்லை. மறுநாள் ஆற்று மணல் கொண்டுவந்து குழியை நிரப்பினோம். ஆனாலும் அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகவே இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் கசியும். அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் பிறகு பீடிச் சுளகுகள் வந்து உட்கார்ந்தன. வாப்பா ஜங்ஷன் பக்கம் மூட்டை தூக்கப் போனார்.

பீடி வேலையை இன்றைய பிள்ளைகளில் பலர் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசாக் காடுகளில் இருந்து வருகிற இலை. அதை முதல்நாள் இரவே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். சுபுஹுக்கு முன்னால் சுளகு மடியில் ஏறினால் மஃரிப் வரைக்கும் இறங்காது. சோறு ஆக்குவதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அதன் நடுவில்தான்.

எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு முனை மடக்குகிற வேலை. ஒரு சின்னக் கம்பியால் மடக்க வேண்டும். ஓதப் போய்விட்டு வந்ததும் ஐந்து கட்டு, ஸ்கூல் விட்டு வந்ததும் பத்துக் கட்டு. முடித்தால்தான் விளையாட விடுவார்கள். தூள் நெடியில் தும்மல் வரும், கண் எரியும். அடுத்த வீட்டுப் பெரியும்மா ஒருத்தி ராத்திரியெல்லாம் இருமுவாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் சஹருக்கு நேரமாகிவிட்டது என்று எங்கள் உம்மா எழுந்திருப்பாள்.

பீடி நல்ல பொருளா என்று பிள்ளைகள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். குடிக்கிறவனுக்கும் கேடு, சுற்றுகிறவளுக்கும் கேடு. ஆனால் பர்தாவை விட்டு வெளியே போகாமல், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு செய்ய எங்கள் தாய்மாருக்கு அன்று வேறு வேலை கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கூலியில் வளர்ந்தவர்கள்!

தறி போன அதே வருஷம் எங்கள் லாத்தாவின் படிப்பும் போனது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். கணக்கில் கெட்டிக்காரி. டீச்சர் வீட்டுக்கே வந்து, "இந்தப் பிள்ளையை நிறுத்திராதீங்கம்மா" என்று சொன்னார்கள். உம்மா பதில் சொல்லாமல் இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள். லாத்தாதான், "நான் போகல டீச்சர். தம்பி போவான்" என்றாள். நான் சந்தோஷமாக இருந்தேன். ஸ்கூலுக்குப் போகிற வழியில் என் காதைப் பிடித்து இழுக்க இனிமேல் ஆள் இல்லை என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளையின் புத்தி அவ்வளவுதான்.

ஆனால் அவள் படிப்பை விடவில்லை. நான் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், அவள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள். வாய்ப்பாடு தப்பினால் தலையை நிமிர்த்தாமலே திருத்துவாள். எட்டாம் வகுப்பு வரைக்கும் என் கணக்கு நோட்டைப் பார்த்தவள் அவள்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். கொழும்பில் இருந்தும் பிறகு சவூதியில் இருந்தும் வருகிற கடிதங்களை நான் வாசித்துக் காட்டுவேன். வீட்டுக்காரர் எழுதிய சில வரிகளைக் கேட்டு அந்தப் பெண்கள் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு முறுக்கு கிடைக்கும். கடிதம் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது அந்தத் திண்ணையில். பிற்காலத்தில் தபால் ஆபீஸில் எனக்கு ரிஸ்க்கை அல்லாஹ் வைத்திருந்தான்.

சாயங்காலம் சுளகைத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு லாத்தா பீடிக்கடைக்குப் போவாள். துணைக்கு நான். அங்கே ஒருவர் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். "இது மெலிஞ்சிருக்கு, இது நூல் சரியில்ல" என்று கை நிறைய எடுத்து ஓரமாகப் போடுவார். அது கழிவு. கழித்ததுக்குக் கூலி கிடையாது. கழித்த பீடியைத் திருப்பியும் தர மாட்டார்கள். குறைந்த எண்ணிக்கையை மறுநாள் நாம்தான் நிரப்ப வேண்டும். நிறுத்துக் கொடுக்கிற இலையும் ஆயிரத்துக்குக் காணாது. பற்றாத இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். லாத்தா ஒருநாள், "நீங்க தந்த இலையில எண்ணூத்தம்பதுதான் வரும். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் கழிவு இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு அவள் கணக்குச் சொல்லவில்லை.

இப்போது, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 1973இல் உம்மாவுக்கு டைபாய்டு. மூன்று வாரம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நம் கார்டுக்கு ஆயிரம் பீடிக்கு இலை வாங்கியாகிவிட்டது. லாத்தா ஒருத்தியால் ஐந்நூறுக்கு மேல் சுற்ற முடியாது. நாலு நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் கார்டை நிறுத்திவிடுவார்கள். வாப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றைக்கு லுஹருக்குப் பிறகு அடுத்த வீட்டுப் பெரியும்மா, அந்த இருமுகிற பெரியும்மாதான், வந்தாள். "நான் சும்மாதானே இருக்கேன், ரெண்டு பிடி இலை கொடு" என்றாள். அவள் சும்மா இருந்ததை நான் பார்த்ததே இல்லை. பின்னால் எதிர்வீட்டு மாமி வந்தாள். அதற்குப் பின்னால் கோடி வீட்டில் இருந்து ஒரு சின்னப் பிள்ளை கிண்ணத்தோடு தூள் வாங்க வந்தது. மஃரிப் பாங்கு சொல்லுமுன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து ஒவ்வொருவராகச் சுளகில் வைத்துவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பது கட்டு நிறைந்திருந்தது. இப்படி மூன்று வாரம். தன் வீட்டு ஆயிரத்தையும் முடித்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களுக்கும் சுற்றினார்கள். ஆண்கள் யாருக்கும் இது தெரியாது. வாப்பா, தன் மகள்தான் கெட்டிக்காரத்தனமாக முடித்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பெரியும்மாவிடம் போனாள். "எத்தனை கட்டு தந்தீங்க, சொல்லுங்க. கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிச் சுத்தித் தாரேன்" என்றாள். பெரியும்மா சொன்னாள்: "நான் எண்ணலியே தாயி. எண்ணாததை எப்படித் திருப்பித் தருவே?"

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. பிள்ளைகள் நூறு வரை எண்ணப் படித்ததே பீடியை எண்ணித்தான். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட தெருவில் அந்த மூன்று வாரக் கட்டுகளை மட்டும் ஒருவரும் எண்ணவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் தர்மம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை ஆலிம்சாக்கள் பயானில் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதைக் கண்ணால் பார்த்தது அந்தத் திண்ணையில்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று நடந்தது. எங்கே, யார் என்று சொல்லப் போவதில்லை. செய்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுக் கொடுக்கிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். பெரிய கூட்டம். எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வாப்பா பெயரையும் மைக்கில் சொல்லி, "தகப்பனார் மூட்டை தூக்கும் தொழிலாளி, மிகவும் சிரமப்படும் குடும்பம்" என்று வாசித்தார்கள். என் வகுப்புப் பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையேறி ஐந்து நோட்டு வாங்கினேன். போட்டோ எடுக்க வேண்டும் என்று இன்னொரு முறை வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திண்ணையில் போட்டுவிட்டு, இனி ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். உம்மா திட்டினாள். லாத்தா ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நோட்டையும் எடுத்தாள். அட்டையில் கொடுத்தவர் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, கஞ்சிப் பசை தடவி, ஐந்துக்கும் அட்டை போட்டாள். "இப்போ இது உன் நோட்டு. போ" என்றாள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றிருக்கும்.

தாய்மார்களே, பெரியோர்களே! இதுவரை சொன்னது எண்ணக் கூடாததைப் பற்றி. எண்ண வேண்டியது ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

லாத்தா பன்னிரண்டு வயதில் சுளகைக் கையில் எடுத்தாள். கார்டு உம்மா பெயரில் இருந்தது. அவள் சுற்றியதெல்லாம் உம்மா கணக்கில் ஏறியது. இருபது வயதில் நிக்காஹ் ஆனது. போன வீட்டில் மாமியார் பெயரில் கார்டு. அங்கேயும் சுற்றினாள். மாமியார் மௌத்தான பிறகு, 2010இல்தான் அவள் பெயரில் ஒரு கார்டு கிடைத்தது. 2017இல் ஐம்பத்தெட்டு வயது முடிந்து பென்ஷனுக்கு எழுதிப் போட்டபோது, "சேவை ஏழு வருஷம்தான் இருக்கு. பத்து வருஷம் இருந்தால்தான் மாதப் பென்ஷன்" என்று சொல்லி, ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் சுற்றியது நாற்பத்தாறு வருஷம். ஏட்டில் இருந்தது ஏழு வருஷம்.

நான் முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவன். எத்தனையோ முதியவர்களுக்கு மணியார்டர் பணத்தை எண்ணிக் கொடுத்தவன். ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவன். என்னைப் படிக்க வைத்த லாத்தாவின் பாஸ்புக்கை ஒரே ஒரு நாள் வாங்கிப் பார்த்திருந்தால், 2000இலேயே அவள் பெயரில் கார்டு போட வைத்திருக்கலாம். பார்க்கவில்லை. இது கடைக்காரர் குற்றம் மட்டும் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

இந்த விஷயத்தை அவளிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஏட்டுல இல்லாட்டா என்னலே? தோள்ல ரெண்டு மலக்கு உக்காந்து எழுதிக்கிட்டுத்தான இருக்காங்க. அவுக ஒரு கட்டுகூட விட மாட்டாக" என்றாள்.

அது அவளுடைய ஈமான். அதை நம் அலட்சியத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. உழைத்தவரின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பீடித் தொழிலாளருக்கென்று 1966இல் சட்டம் வந்தது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. 1977இல் பி.எஃப். வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985இல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. சட்டம் இருந்தும் நம் பெண்களின் பெயர் ஏட்டில் ஏறவில்லை என்றால், வீட்டில் படித்த ஆண்கள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது: இன்றும் பீடி சுற்றுகிற வீடு எதுவானாலும், அந்த வீட்டில் படித்த பிள்ளை இன்றிரவே பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். யார் சுற்றுகிறாரோ அவர் பெயரில் கார்டு இருக்கிறதா? பி.எஃப். எண் தனியாக இருக்கிறதா? அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா? வாரிசு பெயர் கொடுத்திருக்கிறதா? ஒரு எழுத்து மாறியிருந்தால்கூடப் பிறகு அலைய வேண்டிவரும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசின் கல்வி உதவித்தொகையும் உண்டு. அதற்கும் தாயின் அடையாள அட்டைதான் ஆதாரம். அறக்கட்டளைத் தம்பிகள் மாதம் ஒருநாள் உட்கார்ந்து இந்த மனுக்களை எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தால், இன்ஷா அல்லாஹ், நானும் வந்து எழுதுவேன். அந்த வேலை ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது: ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை வந்தால், மகளை நிறுத்திவிடலாம் என்று முடிவெடுக்குமுன் ஜமாஅத்திடம் வந்து சொல்லுங்கள். 1971இல் எங்களுக்குப் போய்ச் சொல்ல இடமில்லை. இன்று இருக்கிறது.

மூன்றாவது வேண்டுகோளை அறக்கட்டளை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பேச ஒப்புக்கொள்ளும்போதே நான் ஒன்று கேட்டேன்: பிள்ளைகளின் பெயரை மைக்கில் வாசிக்கக் கூடாது, மேடைக்குக் கூப்பிடக் கூடாது, போட்டோ கூடாது. அதனால்தான் இன்று இந்த மேடையில் வரிசை இல்லை. உதவித்தொகை அந்தந்த வீட்டுக்கு உறையில் போய்ச் சேர்ந்துவிட்டது. யாருக்கு என்று எனக்கும் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். எப்போதும் இப்படியே இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் இப்போது தறி இல்லை. பீடிச் சுளகும் குறைந்துவிட்டது. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, முன்னறையைத் தோண்டிய கொத்தனார், "இங்க மட்டும் என்ன மணலா வருது?" என்று கேட்டார். வாப்பாவின் தறிக்குழி. அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது.

பெண்கள் பகுதியில், திரைக்கு அந்தப் பக்கம், எங்கள் லாத்தா உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நில்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பெயரும் சொல்லப் போவதில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே உழைத்த இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏட்டில் ஏறாத அவர்களுடைய உழைப்பையெல்லாம் அல்லாஹ் கபூல் செய்வானாக. மௌத்தாகிவிட்ட நம் உம்மா வாப்பாமார்களின் கபுரை விசாலமாக்குவானாக. அவர்கள் எண்ணாமல் கொடுத்ததற்கு அவனும் எண்ணாமல் கொடுப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.